ஈசிஆர், ஓஎம்ஆர் பக்கம் இன்னும் எத்தனை வீடு தாங்கும்?

பாலவாக்கவாசி:

தென்சென்னைக் கடற்கரையில் பாலவாக்கம், நீலாங்கரை, வெட்டுவாங்கேணி, ஈஞ்சம்பாக்கம் பக்கம் இருப்பவர்கள், அங்கே வீடு பார்த்துக்கொண்டிருப்பவர்கள் எல்லோரிடமும் ஒரு விஷயம் பேச வேண்டும். எங்கள் தெருவில் பழைய தனி வீடுகள் ஒவ்வொன்றாக இடிபடுகின்றன. மாமரமும் கிணறுமாக இரண்டு கிரவுண்டில் ஒரு குடும்பம் இருந்த இடத்தில் ஆறு வீடு, எட்டு வீடு வருகிறது. இடத்தைக் கொடுப்பவர்களை நான் குறை சொல்லவில்லை. பிள்ளைகளுக்குப் பங்கு பிரிக்க வேண்டும் என்றால் கட்டுநரோடு சேர்ந்து கட்டிப் பங்கு பிரிக்கும் ஜாயின்ட் வெஞ்சருக்குக் கொடுப்பதைத் தவிர பலருக்கு வேறு வழி இல்லை. என் கேள்வி வேறு. அந்த எட்டு வீட்டுக்கும் தண்ணீர் எங்கிருந்து வரும், கழிவுநீர் எங்கே போகும் என்று அனுமதி கொடுக்கும் நேரத்தில் யாராவது கணக்குப் பார்க்கிறார்களா?

இந்தக் கடற்கரை எப்படி வளர்ந்தது என்று பாருங்கள். ஒரு காலத்தில் மீனவர் குப்பங்களும் சவுக்குத் தோப்பும் நடுவில் சில பண்ணை வீடுகளும்தான். 2002ல் ஈசிஆர் என்கிற கிழக்குக் கடற்கரைச் சாலையைச் சுங்கச் சாலையாக்கினார்கள், ஓஎம்ஆர் என்கிற பழைய மகாபலிபுரம் சாலை ஐடி சாலை ஆனது. 2011ல் சென்னை மாநகராட்சி 174 சதுர கிலோமீட்டரில் இருந்து 426 ஆக விரிந்தபோது கொட்டிவாக்கம் முதல் உத்தண்டி வரை எல்லா ஊராட்சியும் உள்ளே வந்தன. 2021 தேர்தலில் தமிழ்நாட்டிலேயே அதிக வாக்காளர்கள் இருந்த தொகுதி சோழிங்கநல்லூர், ஆறு லட்சத்துக்கும் மேல். வாக்காளர்களே இவ்வளவு என்றால் குழந்தைகளையும், வேறு ஊரில் ஓட்டு வைத்துக்கொண்டு இங்கே வாடகைக்கு இருப்பவர்களையும் சேர்த்தால் எவ்வளவு என்று யோசித்துக்கொள்ளுங்கள். 2011க்கு அப்புறம் மக்கள்தொகைக் கணக்கெடுப்பே நடக்கவில்லை. அடுத்தது 2027 என்று அறிவித்திருக்கிறார்கள். அதுவரை எந்த எண்ணை வைத்துக்கொண்டு குழாய் போடுகிறார்கள்?

ஒரு சின்னக் கணக்கு. பாதாளச் சாக்கடை உள்ள நகரத்தில் ஆளுக்கு நாளைக்கு 135 லிட்டர் என்பதுதான் குடிநீர்த் திட்டங்களுக்கான அளவு. நூறு வீடு உள்ள ஒரு அடுக்ககத்தில் வீட்டுக்கு நான்கு பேர் என்றால் 54,000 லிட்டர். குழாய்த் தண்ணீர் வராத இடத்தில் இது 12,000 லிட்டர் லாரி நான்கைந்து. ஒரே ஒரு அடுக்ககத்துக்கு, தினமும். வந்த தண்ணீரில் ஐந்தில் நான்கு பங்காவது கழிவுநீராக வெளியே போக வேண்டும், சாக்கடைக் குழாய் இல்லாத தெருவில் அதற்கும் லாரிதான். அப்புறம் ஈசிஆரில் ஏன் இத்தனை நெரிசல் என்று கேட்டு என்ன பயன்?

தண்ணீர் இணைப்பும் சாக்கடை இணைப்பும் தெருவுக்கு வந்த பிறகுதான் அந்தத் தெருவில் புதிய அடுக்ககத்துக்கு அனுமதி என்று ஒரு விதி வேண்டும். இதில் உங்கள் கருத்து என்ன?

சோழிங்கநல்லூர்_ஐடி:

சார், நீங்கள் சொல்லும் தண்ணீர்க் கணக்கு சரி. ஆனால் இந்தப் பேச்சு எப்போதும் ஏற்கெனவே வீடு வாங்கி முடித்தவர்களிடம் இருந்துதான் வருகிறது, அதுதான் எனக்கு உறுத்துகிறது. வேலை பெருங்குடியிலும் சிறுசேரியிலும் கொண்டுவந்து வைத்தால் ஆட்கள் எங்கே இருப்பார்கள்? நாங்கள் கடலைப் பார்க்க வரவில்லை. அடையாறிலும் திருவான்மியூரிலும் வாங்க முடியாது, தாம்பரம் பக்கம் வாங்கினால் ரேடியல் ரோட்டில் பாதி வாழ்க்கை போய்விடும், அதனால்தான் இங்கே வந்தோம். புதிய வீடு கட்டாதே என்றால் இருக்கிற வீட்டின் வாடகை ஏறும், விலை ஏறும். நஷ்டம் எங்களுக்கு.

2019 கோடையில் இங்கேதான் இருந்தேன். சில அலுவலகங்கள் வீட்டில் இருந்து வேலை பார்க்கச் சொன்னார்கள், அலுவலகத்தில் தண்ணீர் இல்லை என்று. வீட்டுக்கு வந்தால் அங்கேயும் இல்லை. காலையில் ஒரு மணி நேரம், இரவில் ஒரு மணி நேரம் என்று சம்ப்பைத் திறந்தார்கள். பராமரிப்புக் கட்டணத்தில் பாதிக்கு மேல் லாரிக்கே போனது. ஆக நாங்கள் அனுபவிக்காமல் பேசவில்லை. ஆனால் அதற்குத் தீர்வு தண்ணீரைக் கொண்டுவருவது, ஆளை வராதே என்பது அல்ல. நெம்மேலியில் 2013ல் நாளைக்கு 100 எம்எல்டி, அதாவது 100 மில்லியன் லிட்டர், கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை வந்தது, 2024ல் இன்னொரு 150 வந்தது, பக்கத்தில் பேரூரில் 400 கட்டுகிறார்கள். மெட்ரோ ரயிலில் மாதவரத்தில் இருந்து வரும் இரண்டு தடங்கள் சோழிங்கநல்லூருக்கு வருகின்றன, ஒன்று சிறுசேரி சிப்காட் வரை போகிறது. இவ்வளவு பணம் போட்டு ரயில் விட்டுவிட்டு அந்த ரயிலைச் சுற்றி வீடு வேண்டாம் என்றால் அது யாருக்காக?

கரைவலை:

இரண்டு பேரும் பேசியதைப் படித்தேன். நான் பனையூருக்குத் தெற்கே ஒரு குப்பத்துக்காரன். தாத்தா கரையில் நின்று இழுக்கும் கரைவலை இழுத்தார், அப்பாவுக்கு ஃபைபர் படகு, நான் கடலுக்கும் போகிறேன், வேறு வேலையும் பார்க்கிறேன். ஜனத்தொகை பெருகுகிறது என்று எல்லோரும் அடுக்ககத்தை மட்டும் காட்டுகிறீர்கள். எங்கள் குப்பத்திலும் குடும்பம் பெருகியிருக்கிறது ஐயா. அண்ணன் தம்பி மூன்று பேருக்குக் கல்யாணம் ஆனால் மூன்று வீடு வேண்டும். இருப்பது சுனாமிக்கு அப்புறம் கிடைத்த ஒரு வீடு. ஒரு அறையைத் தடுத்து இரண்டு குடும்பம் இருக்கிறது.

மேலே ஒரு தளம் போடலாம் என்றால் கடற்கரை ஒழுங்குமுறை மண்டலம் என்பார்கள். 1991ல் இருந்து அந்தச் சட்டம் இருக்கிறது, கடல் ஏற்றத்தில் தண்ணீர் வந்து தொடும் உயர் அலைக் கோட்டில் இருந்து 500 மீட்டருக்குள் எது கட்டினாலும் அதைப் பார்க்க வேண்டும். சட்டத்தை நான் எதிர்க்கவில்லை, அது இல்லை என்றால் எங்கள் வலை காயப்போடும் மணலே இன்றைக்கு இருக்காது. ஆனால் அது யார் மேல் பாய்கிறது என்று பாருங்கள். எங்கள் ஆள் அஸ்திவாரம் தோண்டினால் அடுத்த நாள் நோட்டீஸ். எங்களுக்கு இரண்டு பக்கமும் கடலைப் பார்த்த பங்களாவின் மதில் சுவர் மணல் வரை வந்து நிற்கிறது. படகை ஏற்றிவைக்கவும், கரைவலையைக் கரையோரமாக நடத்திக்கொண்டு போகவும் இருந்த இடம் மதிலுக்கு உள்ளே போய்விட்டது. கரைவலை இழுக்கிறவனுக்கு நீளமான வெறும் கரை வேண்டும், நடுவில் கல்லைக் கொட்டி வைத்தால் இழுக்க முடியாது.

மீனவர் குடியிருப்புகளுக்கு வருங்கால வீட்டுத் தேவையைக் கடற்கரை மேலாண்மைத் திட்டத்திலேயே வரைபடத்தோடு காட்ட வேண்டும் என்று அந்தச் சட்டத்தின் 2011 அறிவிக்கையிலேயே பேச்சு இருந்தது. எங்கள் தலைமுறைக்கு எங்கே இடம் என்று அந்த வரைபடத்தில் தேடிப் பார்த்தவர்கள் எல்லாக் குப்பத்திலும் இருக்கிறார்கள்.

இன்னொன்று. 2019 அறிவிக்கையில், 2011 கணக்கெடுப்புப்படி சதுர கிலோமீட்டருக்கு 2,161 பேருக்கு மேல் இருக்கும் கிராமப்புறக் கடற்கரையில் கட்டக் கூடாத பகுதி 200 மீட்டரில் இருந்து 50 மீட்டராகக் குறைகிறது. ஜனம் பெருகினால் கடலுக்கு இன்னும் பக்கத்தில் கட்டலாம் என்று அர்த்தம். மாநகராட்சி எல்லை உத்தண்டியோடு முடிகிறது, அதற்குத் தெற்கே கானத்தூர், முட்டுக்காடு, கோவளம் எல்லாம் ஊராட்சி. அங்கே இந்த விதி எங்களுக்கு வீடு கட்ட உதவுமா, ரிசார்ட் கட்ட உதவுமா? நீங்களே சொல்லுங்கள்.

மண்ணும்_நீரும்:

கட்டுமானத் துறையில் இருப்பவன், இந்தப் பக்கம் மண் பரிசோதனை நிறையப் பார்த்திருக்கிறேன். இங்கே இரண்டு வேறு நிலங்களை ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறோம். பக்கிங்காம் கால்வாய்க்குக் கிழக்கே கடல் வரைக்கும் மணல் திட்டு. மேற்கே போகப் போகக் களிமண்ணும் சதுப்பும். இரண்டுக்கும் ஒரே விதி போட முடியாது.

முதலில் மணல் பக்கம். திருவான்மியூரில் இருந்து கோவளம் வரை இந்த மணலுக்குள் மழைநீர் தேங்கி நிற்கிறது, அதுதான் தென் கடலோர நீர்த்தேக்க மண்டலம். சென்னைக் குடிநீர் வாரியமான மெட்ரோ வாட்டரே ஒரு காலத்தில் இங்கே கிணறு போட்டு எடுத்தது. இந்த நன்னீர் கீழே இருக்கும் உப்புநீரின் மேல் மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் ஒரு அடி நன்னீர் நின்றால் கீழே சுமார் நாற்பது அடி உப்புநீரை அழுத்தி வைத்திருக்கும் என்பது பாடப்புத்தகக் கணக்கு. திருப்பிப் பாருங்கள், போர், அதாவது ஆழ்துளைக் கிணறு, போட்டு இழுத்து மேலே ஒரு அடி இறக்கினால் கீழே நாற்பது அடி உப்பு ஏறலாம். தெருவில் ஒரு வீட்டு போர் உப்பானால் பக்கத்து வீட்டுக்காரர் இன்னும் ஆழமாகப் போடுகிறார், அதுதான் செய்யவே கூடாதது. ஆழம் போகப் போக உப்பைத்தான் தேடிப் போகிறோம்.

இதனால்தான் 2008ல் வந்த சென்னைப் பெருநகரின் இரண்டாவது மாஸ்டர் பிளானில் இந்தக் கடலோரத்தை நிலத்தடி நீர் ஊட்டப் பகுதி என்று தனியாகக் குறித்துத் தளத்துக்கும் அடர்த்திக்கும் கட்டுப்பாடு வைத்தார்கள். அதைத் தளர்த்தச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். மேற்கே ஓஎம்ஆரில் 2019 விதிகளின்படி சாதாரணக் கட்டடத்துக்குத் தளப்பரப்புக் குறியீடு (மனைப் பரப்பைப் போல எத்தனை மடங்கு கட்டலாம் என்ற அளவு) 2, உயரக் கட்டடத்துக்கு 3.25, எங்களுக்கு மட்டும் ஏன் குறைவு என்பது அவர்கள் வாதம். பதில் மண்ணுக்குள் இருக்கிறது. ஆனால் தளத்தை மட்டும் கட்டுப்படுத்தினால் போதாது. கட்டடம் போக மிச்ச இடம் முழுக்க சிமென்ட் தளம் போட்டு, பேவர் பிளாக் பதித்து, கார் நிறுத்திவிட்டால் மணல் இருந்தும் மழை உள்ளே இறங்காது. கோவளம் வடிநிலத் திட்டத்தில் ஈசிஆர் தெருக்களில் மழைநீர் வடிகால் போட வந்தபோது குடியிருப்போர் பசுமைத் தீர்ப்பாயத்துக்குப் போனார்கள், மணல் தானே உறிஞ்சும், காங்கிரீட் வாய்க்கால் தண்ணீரைக் கடலுக்குத்தான் கொண்டுபோகும் என்று. நல்ல வாதம். அதே ஆட்கள் சொந்த வீட்டு வாசலில் மண்ணை விட்டுவைத்திருக்கிறார்களா என்று பார்த்தால் பல தெருவில் இல்லை.

மேற்குப் பக்கம் வேறு கதை. பள்ளிக்கரணை சதுப்பு நிலம் ஒரு காலத்தில் ஐயாயிரம் ஹெக்டேருக்கு மேல். 2022ல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தபோது அந்த எல்லைக்குள் இருந்தது சுமார் 1,247 ஹெக்டேர். சுற்றி இருக்கும் ஏரிகளின் உபரி நீர் எல்லாம் அதில் இறங்கி, ஒக்கியம் மடு வழியாகப் பக்கிங்காம் கால்வாய்க்கு வந்து, அங்கிருந்து தெற்கே முட்டுக்காட்டில் கடலைச் சேர வேண்டும். கால்வாய்க்குச் சரிவே கிடையாது, கடல் ஏற்றமாக இருந்தால் தண்ணீர் நகராது, முகத்துவாரத்தில் மணல் அடைத்தால் அதுவும் சேர்ந்துகொள்ளும். 2015லும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் பள்ளிக்கரணையும் பெரும்பாக்கமும் செம்மஞ்சேரியும் நாள்கணக்கில் தண்ணீரில் நின்றதற்கு மழை ஒரு காரணம், தண்ணீர் வெளியேறும் வாய் இவ்வளவு சின்னது என்பது இன்னொரு காரணம். மேற்கே ஒவ்வொரு மனையும் மூன்றடி நான்கடி மண் கொட்டி உயர்த்தப்படும்போது அந்தத் தண்ணீர் பக்கத்து மனைக்குப் போகிறது. கடைசியில் உயர்த்த முடியாதவன் வீட்டில் நிற்கிறது.

வெட்டுவாங்கேணி:

2025 பட்ஜெட்டில் திருவான்மியூரில் இருந்து உத்தண்டிக்கு 2,100 கோடியில் உயர்மட்டச் சாலை அறிவித்தார்கள். கீழே ஆறு வழியாக அகலப்படுத்தும் வேலை நிலம் எடுப்பதில் எத்தனை வருஷம் இழுத்தது என்று இங்கே எல்லோருக்கும் தெரியும். மேலே ஒரு சாலை வந்தால் கீழே இன்னும் கட்டலாம் என்ற எண்ணம்தான் வரும். அதற்கு முன்னால் ஈசிஆரில் இருந்து ஓஎம்ஆருக்குக் குறுக்கே போகப் பாலம் வேண்டும். அக்கரை சந்திப்பை விட்டால் கால்வாயைத் தாண்ட நல்ல அகலமான வழி எத்தனை இருக்கிறது? நீலாங்கரையில் இருந்து நேர் எதிரே தெரியும் துரைப்பாக்கத்துக்குப் போகச் சுற்றிப் போகிறோம்.

எழில்நகர்:

நான் சொல்வதையும் கேளுங்கள். நாங்கள் கூவம் கரையில் இருந்தவர்கள். எங்களை யாரும் கேட்டு இங்கே கொண்டுவரவில்லை. 2000ல் இருந்து கண்ணகி நகரில் மட்டும் பதினைந்தாயிரம் வீட்டுக்கு மேல் கட்டினார்கள், சுனாமிக்கு அப்புறம் செம்மஞ்சேரியில் 6,764 வீடு, அப்புறம் பெரும்பாக்கத்தில் எட்டு மாடி அடுக்குகளாக இருபதாயிரம் வீடு. ஊருக்குள் ஆற்றோரம் வெள்ளம் வரும் என்று சொல்லி அப்புறப்படுத்திவிட்டு, வெள்ளம் நிற்கும் சதுப்பின் ஓரத்தில் கொண்டுவந்து குடிவைத்தார்கள். பெரும்பாக்கத்தில் லிஃப்ட் நின்றால் வயதானவர்கள் மாடியிலேயே அடைபட்டுவிடுகிறார்கள்.

ஜனத்தொகை கூடிவிட்டது, நெரிசல் என்று பேசும்போது அந்தக் கூட்டத்தில் நாங்களும் இருக்கிறோம். உங்கள் அடுக்ககத்தில் வேலை செய்ய வருவது எங்கள் பெண்கள்தான். கண்ணகி நகரில் இருந்து ஈசிஆர் வீட்டு வேலைக்கு வர ஷேர் ஆட்டோவும் பஸ்ஸும் மாறி மாறி வருகிறார்கள். பாலம் பற்றிச் சொன்னவருக்கு நன்றி. அந்தப் பாலம் கார் வைத்திருப்பவர்களைவிட எங்களுக்குத்தான் அதிகம் தேவை, நடைபாதையோடு கட்டச் சொல்லுங்கள்.

பாலவாக்கவாசி:

எழில்நகர், கரைவலை இரண்டு பேருக்கும் என் நன்றி. என் கோரிக்கையை இன்னும் தெளிவாகச் சொல்கிறேன், ஆள் வரக் கூடாது என்று நான் கேட்கவில்லை. இன்றைக்கு அனுமதி மனை மனையாகக் கொடுக்கிறார்கள். ஒரு மனையை மட்டும் பார்த்தால் எல்லாம் சரியாகத்தான் இருக்கும், சாலை அகலம் இருக்கிறது, பக்க இடைவெளி இருக்கிறது, மழைநீர்த் தொட்டி வரைபடத்தில் இருக்கிறது. ஒரு தெருவில் இருபது மனை இப்படி மாறினால் அந்தத் தெருவின் நிலத்தடி நீர் என்ன ஆகும் என்று பார்க்க எந்தப் படிவத்திலும் இடம் இல்லை. தண்ணீருக்கு ஒரு அலுவலகம், வடிகாலுக்கு ஒன்று, கால்வாய்க்கு ஒன்று, கட்டட அனுமதிக்கு ஒன்று. எல்லோரும் தடையில்லாச் சான்று தருகிறார்கள், ஒருவரும் கூட்டிப் பார்ப்பதில்லை.

2025 செப்டம்பரில் ராம்சார் எல்லையில் இருந்து ஒரு கிலோமீட்டருக்குள் புதிய அனுமதி கொடுக்காதீர்கள் என்று பசுமைத் தீர்ப்பாயம் சொன்னது. அப்படி ஒரு நிலை வந்ததே இந்தக் கூட்டல் கணக்கை முன்னாலேயே போடாததால்தான். அதில் மாட்டிக்கொண்டது யார்? சதுப்பு எங்கே முடிகிறது என்று அறிய வழியே இல்லாமல் பணம் கட்டிய குடும்பங்கள்.

சோழிங்கநல்லூர் நண்பருக்கு ஒன்று. கடல்நீர் ஆலை வருவது நல்லதுதான், ஆனால் அந்தத் தண்ணீர் விலை கூடியது, நிறைய மின்சாரம் தின்னும், மீதி உப்புநீர் கடலுக்கே திரும்பப் போகும், அது யார் வலை போடும் இடம் என்று கரைவலையைக் கேளுங்கள். காசில்லாமல் கிடைக்கும் மணல் தண்ணீரைக் கெடுத்துவிட்டு அந்தத் தண்ணீரை வாங்குவது நியாயமா?

சோழிங்கநல்லூர்_ஐடி:

நான் அந்த ஒரு கிலோமீட்டருக்குள் புக் செய்தவன். பணம் பாதி கட்டியாகிவிட்டது, வாடகையும் போகிறது, இஎம்ஐயும் போகிறது. அதனால்தான் என் பதிவில் கொஞ்சம் சூடு இருந்தது. இணைப்பு வந்த பிறகு அனுமதி என்ற உங்கள் விதியை நான் ஏற்கிறேன், ஒரு நிபந்தனையோடு. இணைப்பு எப்போது வரும் என்று தேதி போட்டு எழுதிக் கொடுக்க வேண்டும். தேதி இல்லை என்றால் அது வீட்டு விலையை ஏற்ற மட்டுமே உதவும். அதோடு சதுப்பு எல்லை, வெள்ளம் நிற்கும் உயரம், நிலத்தடி நீர் ஊட்டப் பகுதி, கடற்கரை மண்டலம் நான்கையும் சர்வே எண்ணோடு ஒரே வரைபடத்தில் போடட்டும். பட்டா பார்க்கிறோம், வில்லங்கம் பார்க்கிறோம், வங்கியும் வக்கீலும் பார்க்கிறார்கள். தண்ணீர் எங்கே நிற்கும் என்று பார்க்க ஒரு வழி வேண்டும்.

மண்ணும்_நீரும்:

அந்த நான்கு வரைபடமும் தனித்தனியாக இருக்கின்றன, ஒன்றின் மேல் ஒன்றை வைப்பது பெரிய தொழில்நுட்பம் இல்லை. மூன்றாவது மாஸ்டர் பிளான் 2046 வரைக்குமானது, இப்போது தயாராகிறது. கேட்பதாக இருந்தால் அதில் கேட்க வேண்டும். என் பங்குக்கு இரண்டு சேர்க்கிறேன். கால்வாய்க்குக் கிழக்கே ஒவ்வொரு மனையிலும் குறிப்பிட்ட பங்கு வெறும் மண்ணாக இருக்க வேண்டும், பேவர் பிளாக் கணக்கில் சேராது. கால்வாய்க்கு மேற்கே மண் கொட்டி உயர்த்துவதற்கு உச்ச வரம்பு வேண்டும், அந்த உயரத்துக்கு மேல் வேண்டும் என்றால் தூண் மேல் கட்டட்டும், தண்ணீர் அடியில் ஓடட்டும்.

கரைவலை:

எழுதிக் கொடுப்பதாக இருந்தால் எங்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பகுதி சபைக் கூட்டம் நடக்கும்போது அடுக்ககத்து ஆட்கள் ஒருபக்கம் சாலை கேட்கிறார்கள், நாங்கள் ஒருபக்கம் பட்டா கேட்கிறோம், இரண்டையும் குறித்துக்கொண்டு போய்விடுகிறார்கள். ஒரே மனுவாகப் போகட்டும். அதில் முதல் வரியாகக் குப்பத்து வீட்டுத் தேவையை வரைபடத்தில் குறிக்க வேண்டும் என்று எழுதுங்கள், இரண்டாவது கடற்கரைக்குப் போகும் பொதுவழிகளை அளந்து மதிலை எடுக்க வேண்டும் என்று. தண்ணீர் விஷயத்தில் நீங்கள் எழுதியதற்கெல்லாம் நாங்கள் கையெழுத்துப் போடுகிறோம். எங்கள் குப்பத்து அடிபம்பும் உப்பாகிவிட்டது.

பாலவாக்கவாசி:

சேர்த்துவிடுகிறேன் தம்பி, நீங்கள் சொன்ன வரிசையிலேயே. எழில்நகர் சொன்ன நடைபாதையும் உண்டு. வரைவை இந்த இழையிலேயே போடுகிறேன், நீலாங்கரைக்குத் தெற்கே இருப்பவர்கள் உங்கள் தெருவில் குடிநீர் இணைப்பும் சாக்கடை இணைப்பும் இருக்கிறதா, போர் தண்ணீர் உப்பா என்று தெருப் பெயரோடு கீழே எழுதுங்கள்.